வாட் எண்ணை வாங்கிக்கொண்டு வரியை எடுத்துவிட்டேன், இப்போது வரி அலுவலகம் கேட்கிறது

கோவையிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நாட்டின் மேற்குப் பகுதியில் இருந்துகொண்டு 4 ஆண்டுகளாக ஆன்லைன் கடை நடத்துகிறார். வெட் கிரைண்டர், தோசைக்கல், இட்லிப் பானை, பித்தளை விளக்கு எல்லாம் ஊரிலிருந்து கப்பலில் வரவழைத்து விற்பனை. முதலில் வீடுகளுக்கு மட்டும் அனுப்பியவருக்கு, இப்போது ஓட்டல்காரர்களும் மளிகைக் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்கள். பெல்ஜியம், பிரான்ஸ், நெதர்லாந்து, ஆஸ்திரியா, ஸ்பெயின், லண்டன் என்று ஆர்டர்கள் வருகின்றன.

கடையின் செக்-அவுட் பக்கத்தில் 'வாட் எண்' (தொழில் நிறுவனத்தின் மதிப்புக் கூட்டு வரிப் பதிவு எண்) என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார். அதில் எண் எழுதினால் 19 சதவீத வரி தானாகக் கழிந்துவிடும். அந்த எண் உண்மையானதா என்பதை வாடிக்கையாளர் கணக்குத் தொடங்கும் நாளில் மட்டும் கடையின் மென்பொருள் பார்க்கும், அப்புறம் பார்க்காது. ஆன்ட்வெர்ப் நகரத்து ஓட்டல்காரர் ஒருவர் செப்டம்பரில் 3,600 யூரோவுக்கும் நவம்பரில் 2,400 யூரோவுக்கும் வாங்கினார். இரண்டும் வரி இல்லாமல் போயின. இப்போது ஃபினான்ஸாம்ட், அதாவது உள்ளூர் வரி அலுவலகம், ஆதாரம் கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. பதறிப்போய்த் தேடினால் அந்த எண் 'செல்லாது' என்று வருகிறது. பதில் சொல்ல 3 வாரம் கெடு. அதில் 8 நாள் போய்விட்டது. "6,000-க்கு 19 சதவீதம், 1,140 யூரோவை நான் கையிலிருந்து கட்ட வேண்டுமா? இனி யாராக இருந்தாலும் 19 போட்டுவிடட்டுமா, அவர்கள் திரும்ப எடுத்துக்கொள்வார்கள்தானே? நகை விற்கும் என் தோழி வரியும் போடுவதில்லை, படிவமும் அனுப்புவதில்லை, அவளுக்கு ஒன்றும் வரவில்லையே" என்று கேட்கிறார். இன்னும் சில கேள்விகளும் உண்டு. ஒவ்வொன்றாக வருகிறேன்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கையிலிருந்து போகக்கூடிய தொகை 1,140 யூரோ இல்லை. கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன். ஆனால் கடை அமைப்பில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை இந்த வாரமே அடைக்க வேண்டும். ஏன் அடைக்க வேண்டும் என்று புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளுக்கெல்லாம் பாதி விடை கிடைத்துவிடும்.

வரி போய்ச் சேரும் முகவரி

ஊரில் ஜிஎஸ்டி பழகியவர்களுக்கு இங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. கோவையிலிருந்து பெங்களூரு கடைக்காரருக்குச் சரக்கு அனுப்பினால், அவரிடம் ஜிஎஸ்டி எண் இருந்தாலும் ஐஜிஎஸ்டி போட்டுத்தான் பில் கொடுப்போம். அவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். ஐரோப்பிய ஒன்றியத்தில், ஒரு உறுப்பு நாட்டிலிருந்து இன்னொரு உறுப்பு நாட்டுத் தொழில் நிறுவனத்துக்குச் சரக்கு போகும்போது அப்படிச் செய்வதில்லை. விற்பவர் வரி இல்லாமல் பில் போடுவார். வாங்குபவர் தன் நாட்டு வரிக் கணக்கில், தன் நாட்டு விகிதத்தில், அந்த வரியைத் தானே காட்டித் தானே கழித்துக்கொள்வார். பெல்ஜியத்துக்காரர் என்றால் 21 சதவீதம், ஆஸ்திரியாக்காரர் என்றால் 20.

ஆக, செக்-அவுட் பக்கத்தில் மறையும் அந்த வரி பெல்ஜியத்து வரிக் கணக்குக்கு இடம் மாறுகிறது. அங்கே போய்ச் சேருவதற்கான முகவரிதான் வாட் எண். சரக்கை வரியில்லாமல் வாங்கி, உள்நாட்டில் வரியோடு விற்று, வசூலித்த வரியைக் கட்டாமல் மறைந்துவிடும் கும்பல்களால் ஐரோப்பா பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. அதனால்தான் 2020 ஜனவரி 1 முதல் விதியை இறுக்கினார்கள். அதற்கு முன் வாட் எண் ஒரு சம்பிரதாயச் சான்று என்ற அளவில் இருந்தது. இப்போது வரிவிலக்குக்கு அதுவே அடிப்படை நிபந்தனை. வாங்குபவர் வேறு உறுப்பு நாட்டின் செல்லுபடியாகும் எண்ணை உங்களிடம் கொடுத்திருக்க வேண்டும், சரக்கு உண்மையிலேயே எல்லை தாண்டியிருக்க வேண்டும், நீங்கள் அந்த விற்பனையைத் தொகுப்பு அறிக்கையில் காட்டியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலக்கு ஆட்டம் காணும்.

தொகுப்பு அறிக்கை என்றதும் உங்களுக்குப் புதிதாக இருக்கலாம். கடிதம் முழுக்க அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஜெர்மன் மொழியில் 'ட்ஸூஸாமென்ஃபாஸெண்டே மெல்டுங்' என்பார்கள். எந்த எண்ணுக்கு எவ்வளவு தொகைக்கு விற்றோம் என்று மத்திய வரி அலுவலகத்துக்குத் தரும் பட்டியல் அது. நீங்கள் மாதாந்திர வாட் கணக்கில் 41-ஆம் எண் கட்டத்தில் இந்த 6,000 யூரோவைச் சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் தொகுப்பு அறிக்கை போகவில்லை. ஒரு பக்கம் தொகை இருக்கிறது, இன்னொரு பக்கம் பட்டியல் இல்லை. கடிதம் வந்ததற்குப் பெரும்பாலும் இந்தப் பொருத்தமின்மையே காரணமாக இருக்கும். உங்கள் மேல் சந்தேகம் என்று நினைத்து இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

தோழியின் கதை வேறு. ஜெர்மனியில் முந்தைய ஆண்டு விற்றுமுதல் 25,000 யூரோவுக்குள்ளும் நடப்பு ஆண்டில் 1,00,000 யூரோவுக்குள்ளும் இருந்தால் சிறுதொழில் சலுகையில் வாட் போடாமலே விற்கலாம். அவர் அந்தப் பாதையில் போகிறவராக இருக்கும். அந்தப் பாதையில் இருப்பவர் இந்த எல்லை தாண்டிய வரிவிலக்குக்குள் வருவதே இல்லை. அவரைப் பார்த்து நீங்கள் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஆன்ட்வெர்ப் விவகாரம்

இரண்டு ஆர்டர்களையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். கேள்வி 'இன்று எண் செல்லுமா' என்பதல்ல, 'சரக்கு அனுப்பிய நாளில் செல்லுபடியாக இருந்ததா' என்பதுதான்.

ஐரோப்பிய ஆணையத்தின் 'வீஸ்' தளத்தில் தேடினீர்கள். அது தேடும் நாளின் நிலையை மட்டும் சொல்லும். ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல கருவி ஒன்று உண்டு: மத்திய வரி அலுவலகத்தின் 'தகுதிபெற்ற உறுதிப்பாட்டு விசாரணை'. அங்கே உங்கள் ஜெர்மன் வாட் எண், வாடிக்கையாளரின் எண், நிறுவனப் பெயர், தெரு, அஞ்சல் குறியீடு, ஊர் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும். பதிலில் ஒவ்வொரு விவரத்துக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து வரும். 'ஏ' என்றால் பொருந்துகிறது, 'பி' என்றால் பொருந்தவில்லை, 'சி' என்றால் நீங்கள் கேட்கவில்லை, 'டி' என்றால் அந்த நாடு தகவல் தரவில்லை. இப்போது செல்லாத எண்ணாக இருந்தால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லுபடியாக இருந்தது என்பதையும் பல சமயம் சொல்லிவிடும். இன்றைக்கே ஆன்ட்வெர்ப் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. 'அக்டோபரில் அவர் தம்பியையும் சேர்த்துக்கொண்டு கம்பெனியாக மாற்றியதாகச் சொன்னார்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பு இதுதான்: தனிநபர் தொழிலாக இருந்தபோது ஓர் எண், கம்பெனி ஆனதும் வேறோர் எண். பெல்ஜியத்தில் வாட் எண்ணும் நிறுவனப் பதிவு எண்ணும் ஒன்றே. புதிய நிறுவனம் என்றால் புதிய எண். பழையது அக்டோபரோடு முடிந்திருக்கும். உங்கள் கடையோ பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் செப்டம்பர் ஆர்டர் தப்பித்துவிடும். எண் அன்று செல்லுபடியானது. சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான ஆதாரத்தைச் சேர்த்தால் போதும். கூரியரில் அனுப்பினீர்கள் என்பதால், கூரியர் நிறுவனத்துக்கு நீங்கள் எழுத்திலோ ஆன்லைனிலோ கொடுத்த ஆர்டரும், பார்சல் எடுத்த இடம் முதல் கையில் ஒப்படைத்தது வரையிலான கூரியர் பதிவும் சேர்ந்தால் அது ஏற்கத்தக்க சான்று. அந்தப் பதிவை இன்றே பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். கூரியர் தளங்கள் பழைய விவரங்களை நெடுநாள் வைத்திருப்பதில்லை.

நவம்பர் ஆர்டருக்கு மூன்று வழிகள் தெரிகின்றன.

முதல் வழி, நவம்பரில் உண்மையில் வாங்கியது அந்தப் புதிய கம்பெனியாக இருந்து, அதன் எண் அன்று செல்லுபடியாகவும் இருந்தால், அந்த எண்ணைப் பெற்று இன்வாய்ஸைத் திருத்தலாம். அனுப்பிய நாளில் செல்லுபடியாக இருந்த எண்ணைப் பின்னால் கொடுத்தாலும் விலக்கு அன்றிலிருந்தே பொருந்தும் என்பது ஜெர்மன் வரி நிர்வாகத்தின் நிலைப்பாடு. ஆனால் கம்பெனிதான் வாங்கியது என்பதைக் காகிதம் சொல்ல வேண்டும். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது, மின்னஞ்சலில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள். தனிநபர் வாங்கியதை வசதிக்காகக் கம்பெனி வாங்கியதாக மாற்றி எழுதக் கூடாது. அவர் நல்லவர்தான், ஒத்துக்கொள்வார் என்று தோன்றும். அது பொய் ஆவணம். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

இரண்டாவது, நம்பிக்கைப் பாதுகாப்பு. வாங்குபவர் தவறான தகவல் தந்து, கவனமுள்ள ஒரு வணிகர் எவ்வளவு பார்த்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்றால், விற்றவரை விட்டுவிட்டு வாங்கியவரிடம் வரி கேட்கும் விதி ஜெர்மன் சட்டத்தில் உண்டு. உங்களுக்கு இது உதவும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். நவம்பரில் நீங்கள் எண்ணைச் சரிபார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கம்பெனியாக மாற்றியதை அவரே சொல்லியும் இருக்கிறார்.

மூன்றாவது, வரியைக் கட்டுவது. இங்கேதான் உங்கள் கணக்கு கொஞ்சம் தப்பு. வாடிக்கையாளரிடம் கூடுதலாக வாங்க முடியாவிட்டால், கைக்கு வந்த 2,400 யூரோவை வரி உட்பட்ட தொகையாகக் கொள்ள வேண்டும். 2,400-ஐ 1.19-ஆல் வகுத்தால் 2,016.81. வித்தியாசம் 383.19 யூரோ. 456 அல்ல. ஒருவேளை அவர் தொழிலையே மூடிவிட்டுத் தனிநபராக வாங்கியிருந்தால் கதை இன்னொரு திசையில் போகும்: அது பெல்ஜியத்து நுகர்வோருக்கு விற்றது போல ஆகி, 21 சதவீதக் கணக்கில் 416.53 யூரோ ஓஎஸ்எஸ் (பிற உறுப்பு நாட்டு நுகர்வோருக்கு விற்றதற்கான வாட்டை ஒரே இடத்தில் கட்டும் ஏற்பாடு) வழியாகப் போகும். இரண்டில் ஒன்றுதான் வரும், இரண்டும் சேர்ந்து வராது. எப்படிப் பார்த்தாலும் நீங்கள் பயந்த 1,140-இல் பாதிகூட இல்லை.

எல்லோருக்கும் 19 போட்டுவிட்டால்?

பாதுகாப்பான வழி என்று நீங்கள் நினைப்பது உங்கள் வாடிக்கையாளரைக் குழியில் தள்ளும். பாரீசில் லா ஷாப்பெல் பக்கம் மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் சரியான எண் இருக்கிறது, நீங்கள் 19 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் அதைப் பிரான்ஸ் வரிக் கணக்கில் கழிக்க முடியாது, ஏனெனில் அது ஜெர்மன் வரி. ஜெர்மனியிடம் திரும்பக் கேட்கவும் முடியாது. வெளிநாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கு வாட் திருப்பித் தரும் ஐரோப்பிய விதி, 'வரிவிலக்குக்கு உரிய விற்பனையில் போட்ட வரி' என்றால் திருப்பித் தருவதில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அவர் பணம் அவருக்கு நஷ்டம். உங்களுக்கும் லாபமில்லை: தவறாக இன்வாய்ஸில் எழுதிய வரியை, தவறு என்று தெரிந்தாலும், இன்வாய்ஸைத் திருத்தும் வரை நீங்கள் ஜெர்மன் அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும். ஐஜிஎஸ்டி பழக்கத்தில் வரும் 'அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்' என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிடுங்கள்.

எண் இல்லாதவர்களுக்கு வரி போடுவது வேறு விஷயம், அது சரி. வாட் எண் தராதவர் ஓட்டல் வைத்திருந்தாலும் தனிநபர் நுகர்வோராகக் கருதலாம். நீங்கள் ஏற்கெனவே பிற உறுப்பு நாட்டு நுகர்வோருக்கான விற்பனையில் ஆண்டுக்கு 10,000 யூரோ வரம்பைத் தாண்டி ஓஎஸ்எஸ்ஸில் பதிந்திருப்பதால், அவருக்கு அவர் நாட்டு விகிதம். தொழில் வாடிக்கையாளர்களின் வரியில்லா விற்பனை அந்த 10,000 கணக்கிலும் சேராது, ஓஎஸ்எஸ் படிவத்திலும் வராது.

பார்சிலோனா யோகா நிலையத்துக்காரர் 'என்னிடம் எண் இருக்கிறது, உங்கள் கடை ஏற்க மறுக்கிறது' என்று கோபப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதும் உண்மை, கடை சொல்வதும் உண்மை. ஸ்பெயினில் உள்நாட்டு வரி எண் எல்லாத் தொழிலுக்கும் உண்டு. ஆனால் ஒன்றியத்துக்குள் வாங்கி விற்பவர்களுக்கான தனிப் பதிவேட்டில் சேர்ந்தால்தான் அந்த எண் வீஸ் தளத்தில் உயிர்பெறும். இத்தாலியிலும் இப்படித்தான். உங்கள் பார்சிலோனாக்காரரை ஸ்பெயினின் 036 என்ற படிவத்தில் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், அவருடைய கணக்கருக்கு அது தெரிந்திருக்கும். அதுவரை வரியோடுதான் விற்க வேண்டும். அன்பாகச் சொல்லுங்கள், ஆனால் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடையில் மாற்ற வேண்டியவை

எண் சரிபார்ப்பு கணக்குத் தொடங்கும்போது நடந்தால் போதாது. ஒவ்வொரு ஆர்டரிலும் நடக்க வேண்டும், நடந்ததற்கான பதிவு தேதி நேரத்தோடு அந்த ஆர்டருடன் சேமிக்கப்பட வேண்டும். வூகாமர்ஸ் போன்ற ஆன்லைன் கடை மென்பொருள்களுக்கு இதற்கான இணைப்பு மென்பொருள்கள் கிடைக்கின்றன. வாங்கும் முன் ஒன்று கேளுங்கள்: வீஸ் தளம் பதில் தராவிட்டால் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்? சில நாடுகளின் கணினி அவ்வப்போது படுத்துவிடும். பதில் வராதபோது 'சரி' என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள் ஆபத்து. வரியோடு ஆர்டரை எடுத்துக்கொண்டு, மறுநாள் எண் உறுதியானதும், சரக்கு கிளம்பும் முன் திருத்திய இன்வாய்ஸ் கொடுப்பதுதான் நான் சொல்லும் முறை. ஒரு நாள் தாமதத்துக்கு யாரும் உங்களை விட்டுப் போக மாட்டார்கள்.

வீஸ் 'செல்லும்' என்று சொன்னால்கூட, அந்த எண் உங்கள் வாடிக்கையாளருடையதுதானா என்ற கேள்வி நிற்கிறது. இணையத்தில் எந்த ஓட்டலின் வாட் எண்ணையும் எவரும் எடுத்து எழுதிவிடலாம். ஸ்பெயின், ஜெர்மனி எண்களுக்கு வீஸ் பெயரைக் காட்டுவதும் இல்லை. அதனால் புதிய தொழில் வாடிக்கையாளரின் முதல் ஆர்டருக்கும் பெரிய ஆர்டர்களுக்கும் அந்த ஏ-பி-சி-டி விசாரணையைக் கையால் செய்து, பதிலைச் சேமித்துவிடுங்கள்.

இன்னொரு ஓட்டை, முகவரி. எண் பெல்ஜியம், பில் முகவரி பெல்ஜியம், ஆனால் சரக்கு போக வேண்டிய இடம் கொலோன் நகரில் இருக்கும் அவருடைய அக்கா வீடு என்றால் வரிவிலக்கு இல்லை. சரக்கு ஜெர்மனியை விட்டே போகவில்லை; 19 சதவீதம் போட வேண்டும். பல மென்பொருள்கள் பில் முகவரியை மட்டும் பார்த்து வரியைக் கழித்துவிடுகின்றன. டெலிவரி முகவரியையும் பார்க்கும்படி அமையுங்கள்.

அப்புறம் விலை. நீங்கள் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிரைண்டரின் விலை வரியோடு 238 யூரோ. ஆஸ்திரியா ஓட்டலுக்கு வரி கழித்து 192.78 என்று காட்டுகிறது. 238-இல் 19 சதவீதம் என்று 45.22-ஐக் கழித்திருக்கிறது. அது தப்பு. 238 என்பது 119 பங்கு; அதில் 100 பங்கு 200 யூரோ. ஒவ்வொரு கிரைண்டரிலும் 7.22 யூரோ உங்கள் பையிலிருந்து போகிறது. அவர் வாங்கிய 12-க்கு 86.64 யூரோ. வரியில்லா விலை 200 என்பதையே அடிப்படையாக ஏற்றி, அதன் மேல் வரியைக் கூட்டும்படி அமைத்தால் இது நேராது. வீடுகளுக்கு விற்கும் பக்கத்தில் வரி சேர்ந்த விலை தெரிய வேண்டும் என்பது மட்டும் ஜெர்மனியில் கட்டாயம்.

இன்வாய்ஸில் உங்கள் வாட் எண், அவர் வாட் எண், 'ஒன்றியத்துக்குள்ளான வரிவிலக்கு விற்பனை' என்று பொருள்படும் ஜெர்மன் வாசகம் மூன்றும் இருக்க வேண்டும். அனுப்பிய மாதத்துக்கு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும். தொகுப்பு அறிக்கை, காலாண்டுக்கு 50,000 யூரோவைத் தாண்டாதவரை, காலாண்டு முடிந்து 25-ஆம் தேதிக்குள் போனால் போதும். அதைத் தாண்டினால் மாதாமாதம்.

வேனில் வந்து எடுத்துப் போகிறவர்கள்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்தது இந்தப் பகுதி. நெதர்லாந்திலிருந்து மளிகைக் கடைக்காரர்கள் வேனோடு வந்து, உங்கள் கிடங்கிலேயே சரக்கை ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்களும் எண்ணைப் பார்த்து வரியில்லாமல் கொடுக்கிறீர்கள். எண் சரியாகவே இருக்கட்டும். வேன் எல்லை தாண்டியதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது? கூரியர் பதிவு இல்லை, வங்கிப் பரிமாற்றம் இல்லை. அந்தக் கிரைண்டர் பக்கத்து ஊரிலேயே இறங்கி விற்கப்பட்டிருந்தால் உங்களால் மறுக்க முடியாது.

இதற்கு ஜெர்மனியில் 'கெலாங்கென்ஸ்பெஷ்டேட்டிகுங்' என்று ஒரு சான்று உண்டு. சரக்குப் போய்ச் சேர்ந்ததாக வாங்கியவர் தரும் கடிதம். ஒரு பக்கம் போதும். அவர் பெயர், முகவரி, என்ன சரக்கு எத்தனை, எந்த நாட்டில் எந்த ஊருக்கு எந்த மாதம் போய்ச் சேர்ந்தது, எழுதிய தேதி, கையெழுத்து. அவருடைய நிறுவன மின்னஞ்சலிலிருந்து வந்தால் கையெழுத்துகூடத் தேவையில்லை. கவனிக்க வேண்டியது ஒன்று: சரக்கை ஏற்றும் இடத்திலேயே, நீட்டிய பேனாவால் அவசரமாக வாங்கும் கையெழுத்து 'போய்ச் சேர்ந்தது' என்பதற்குச் சான்றாகாது. ஊருக்குப் போய் இறக்கிய பிறகு அனுப்ப வேண்டும்.

எனவே இனிமேல் இப்படிச் செய்யலாம். வேனில் வருகிறவரிடம் 19 சதவீதத்தை முன்வைப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் அதை வரி என்று எழுதாமல், தனி ரசீதில் வைப்புத்தொகை என்று எழுதுங்கள். சான்று வந்த அன்றே அவர் கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள். நெடுநாள் பழக்கமானவர்கள் முகம் சுளிப்பார்கள்தான். ஒரு தடவை பணம் ஒழுங்காகத் திரும்பி வந்ததும் அடுத்த தடவை கேட்காமலே வைப்பார்கள்.

லண்டன் ஓட்டல்களைப் பற்றிச் சுருக்கமாக: 2021 முதல் பிரிட்டன் வெளிநாடு. அவர்களின் ஜிபி எண் வீஸ் தளத்தில் வராது, வரவும் தேவையில்லை. அது ஏற்றுமதி. வரிவிலக்குக்குச் சுங்கத்தின் வெளியேற்றச் சான்றுதான் ஆதாரம். 1,000 யூரோவுக்கு மேற்பட்ட சரக்குக்கு மின்னணு ஏற்றுமதி அறிவிப்பு வேண்டும். தொகுப்பு அறிக்கையில் சேர்க்காதீர்கள். வாட் கணக்கில் 43-ஆம் எண் கட்டம். வட அயர்லாந்து மட்டும் சரக்கு விஷயத்தில் விதிவிலக்கு: அங்கே எண் 'எக்ஸ்ஐ' என்று தொடங்கும், பெல்ஜியத்துக்குப் பொருந்தும் விதியே அதற்கும்.

லியோன் நகரத்துச் சமையல் பள்ளிக்கு நீங்கள் எடுக்கும் ஆன்லைன் வகுப்பு சரக்கல்ல, சேவை. வரி வாங்குபவர் நாட்டுக்குப் போகிறது. இன்வாய்ஸில் 'வரிப் பொறுப்பு சேவை பெறுபவருடையது' என்ற வாசகம் வர வேண்டும், தொகுப்பு அறிக்கையிலும் காட்ட வேண்டும். எல்லை தாண்டியதற்கு ஆதாரம் தேடும் தொல்லை இதில் இல்லை.

பழைய இன்வாய்ஸ்கள், கையிலிருக்கும் கடிதம்

'இதே மாதிரி இன்னும் மூன்று நான்கு பழைய இன்வாய்ஸ் இருக்கலாம், கேட்டால் அப்போது சொல்லிக்கொள்ளலாமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கொடுத்த கணக்கில் தவறு இருப்பது தெரிந்த பிறகு தாமதமில்லாமல் திருத்திக் கொடுப்பது ஜெர்மனியில் சட்டக் கடமை. தெரியாமல் நடந்தது பிழை. தெரிந்தும் பேசாமல் இருந்தால் அது வரி ஏய்ப்பாகப் பார்க்கப்படும் இடத்துக்குப் போய்விடும். நீங்களாகத் திருத்தினால் வரியும், காலத்தைப் பொறுத்து மாதத்துக்கு 0.15 சதவீத வட்டியும்தான். தொகுப்பு அறிக்கையையும் விடுபட்ட எல்லாக் காலாண்டுகளுக்கும் எல்ஸ்டர் என்ற வரித்துறை இணையதளம் வழியாக இப்போதே கொடுங்கள். பிந்திக் கொடுப்பதற்கு 5,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் தாமாக முன்வந்து சரிசெய்யும் சிறு கடைக்காரரிடம் அந்த உச்சத் தொகையை நான் பார்த்ததில்லை. பிந்திக் கொடுத்தாலும் விலக்கு மீண்டும் உயிர்பெறும் என்பதுதான் முக்கியம். செல்லாத எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள். நவம்பர் ஆர்டர் தீரும் வரை அது தனியாக நிற்கட்டும்.

வரி அலுவலகத்துக்கு இன்றே இரண்டு வரியில் எழுதி, ஆவணங்கள் திரட்ட 4 வாரக் கூடுதல் அவகாசம் கேளுங்கள். கெடு முடிவதற்குள் எழுத்தில் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். அந்த நாட்களில் உங்கள் ஊரில் ஒரு ஷ்டொயர்பெராட்டரிடம், அதாவது உரிமம் பெற்ற வரி ஆலோசகரிடம், இன்வாய்ஸ்களை நேரில் காட்டிவிடுங்கள். உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துத்தான் நான் பேசுகிறேன். காகிதத்தைப் பார்த்தவர் சொல்வது இதைவிட உறுதியாக இருக்கும்.

ஆன்ட்வெர்ப்காரருக்கு எழுதத் தயங்குவதாகச் சொன்னீர்கள். தயங்க வேண்டாம், இப்படி எழுதிப் பாருங்கள்: "அண்ணா, நவம்பரில் அனுப்பிய கிரைண்டர் இன்வாய்ஸில் உங்கள் பழைய வாட் எண் இருக்கிறது. அந்த எண் இப்போது செல்லாது என்று வருகிறது. கம்பெனி ஆனபிறகு புதிய எண் எந்தத் தேதியிலிருந்து கிடைத்தது, இந்த ஆர்டர் கம்பெனிப் பெயரில் வாங்கியதா, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று சொல்லுங்கள். செப்டம்பர், நவம்பர் இரண்டு சரக்கும் ஆன்ட்வெர்ப் வந்து சேர்ந்ததற்கு, இத்துடன் இணைத்திருக்கும் படிவத்தை நிரப்பி, உங்கள் கம்பெனி மின்னஞ்சலிலிருந்து இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்."